முதல் சுற்றின் கடைசி ஆள்

பெண்டில் ஹில் சிறிதரன் தனது ஐம்பத்தேழு வருட வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூடக் கூடைக்குள் போட்டவரல்ல. போட முயன்றதற்கும் சாட்சி இல்லை. ஆனால் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் எந்த வருடம் எந்த அணி இருபத்தாறாவது ஆளாக யாரை எடுத்தது, பிறகு அவனுடைய முழங்கால் எப்படி வீங்கியது என்று கேட்டால், சோற்றில் வைத்த கையை எடுக்காமலே சொல்லிவிடுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார். காலை ரயிலுக்கு நிற்கும்போது அவரைத் தூரத்தில் கண்டதும் மேடையின் மறுமுனைக்கு நடந்து போகிற தமிழர்கள் இரண்டு மூன்று பேராவது உண்டு.

அங்கே ஒவ்வொரு ஜூன் மாதமும் முப்பது அணிகளும் புதிய ஆட்டக்காரர்களை வரிசை முறையில் தெரிவுசெய்யும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். போன பருவத்தில் மோசமாகத் தோற்றவர்களுக்கு முன்னிடம். அவர்களுக்குள் யார் முதல் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். நன்றாக வென்றவர்கள் கடைசியில் நின்று, மற்றவர்கள் விட்டுவைத்ததில் பொறுக்க வேண்டும். மொத்தம் இரண்டே சுற்று. முதல் சுற்றில் எடுபட்டவனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் உறுதி. இரண்டாம் சுற்றில் எடுபட்டவனுக்கு ஒரு தொப்பியும் ஒரு கைகுலுக்கலும் உறுதி.

சிட்னியில் அது வேலைநாளின் காலை நேரம். சிறிதரன் அதற்கு லீவு போடுவார். செவன் ஹில்ஸில் சுடுதண்ணீர்த் தொட்டி பழுதானவர்களின் அழைப்புகளை எடுத்து, எந்தக் குழாய்க்காரரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பது அவருடைய வேலை. முதல் வருடம் லீவு கேட்டபோது காரணம் சொல்லக் கூச்சப்பட்டு, சமய விழா என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து மேலாளர் ஜூன் மாதக் கடைசியில் அவருக்கும் குடும்பத்துக்கும் பெருநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

விழா என்றாலும் முதல் இருபது பேரை அவர் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுவார், நகம் வெட்டுவார். "முதல் மூண்டு பேரை எந்தக் கழுதையும் எடுக்கும். இருபத்தொண்டுக்குப் பிறகு எடுக்கிறவனுக்குத்தான் மூளை வேணும்" என்பது அவருடைய கட்சி. இருபத்தொன்றாவது பெயர் வாசிக்கப்படும்போது துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு கதிரையில் வந்து உட்காருவார். மற்ற அணிகளின் முட்டாள்தனமெல்லாம் வழிந்து வந்து தேங்குகிற இடம் முதல் சுற்றின் கடைசிப் பத்து இடங்கள்தான் என்பார். கல்யாணமாகிப் பத்தாவது வருட விருந்தில், ஹரிஸ் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில், பத்துப் பேர் முன்னால், "யோகராணி எனக்கு இருபத்தேழாவது தெரிவாக் கிடைச்ச பொக்கிஷம்" என்று சொன்னார். அந்த இருபத்தாறு பேரும் யார் என்று யோகராணி கேட்டார். பாராட்டைப் பாராட்டாக விளங்கவைப்பதற்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.

இந்தப் பைத்தியத்துக்கு ஒரு வேர் இருக்கத்தான் செய்தது. உயர்தரப் பரீட்சையில் பொறியியல் பீடத்துக்கான வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி கீழே நின்றவர் அவர். கோட்டுக்கு மேலே கடைசியாக நின்றவன் அதே வகுப்புத்தான். இப்போது லண்டனில் பாலம் கட்டுகிறான். கோட்டுக்குக் கீழே முதலாவதாக நின்றவர் சுடுதண்ணீர்த் தொட்டிக்கு ஆள் அனுப்புகிறார். முப்பதாவது ஆளுக்கும் முப்பத்தோராவது ஆளுக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கோட்டை வருடத்துக்கு ஒரு முறை தொலைக்காட்சியில் பார்ப்பதில் அவருக்கு என்ன நிம்மதியோ!

இதெல்லாம் வீட்டுக்குள் இருந்தவரை யாருக்கும் கெடுதல் இல்லை. பழைய மாணவர் சங்கங்களின் கூடைப்பந்துப் போட்டிக்குள் அது நுழைந்ததுதான் வினை.

மேற்குச் சிட்னியில் எட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து வருடாவருடம் கூடைப்பந்துப் போட்டி நடத்துகின்றன. விளையாடுகிறவர்கள் பழைய மாணவர்கள் அல்ல; அவர்களுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. விளையாடுவது பிள்ளைகள். பிளாக்டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்து, யாழ்ப்பாணத்தை இரண்டு கிழமை நுளம்புக்கடியோடு பார்த்த பையன், அப்பா படித்த பள்ளிக்கூடத்தின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, அப்பா வெறுத்த பள்ளிக்கூடத்தின் பையனை முழங்கையால் இடிப்பான். கரையில் நிற்கும் அப்பாமாருக்கு அதில் ஒரு ஆத்ம திருப்தி.

சிறிதரனின் பள்ளிக்கூடம் புன்னையடி மகா வித்தியாலயம். அதன் அணிக்குப் பொறுப்பும் அவர்தான். ஆறு வருடம் தொடர்ந்து எட்டாமிடம். நாவலடி இந்துக் கல்லூரிக்கு ஐந்து வருடம் தொடர்ந்து கிண்ணம். நாவலடிக்காரர் உயரமான பெண்களாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் இல்லை. மற்ற ஏழு சங்கங்களும் விலகப்போவதாக முணுமுணுக்கத் தொடங்கியபோது, சிறிதரன் நாற்பத்திரண்டு படங்கள் கொண்ட ஒரு விளக்கவுரையோடு கூட்டத்துக்குப் போனார்.

அவருடைய யோசனை இது. பழைய ஆட்டக்காரர் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இந்த வருடம் பதினெட்டு வயதாகிப் புதிதாகச் சேரும் பதினாறு பேரையும் பள்ளிக்கூட வித்தியாசமில்லாமல் பொதுவில் வைத்து, எட்டு அணிகளும் இரண்டு சுற்றில் தெரிவுசெய்ய வேண்டும். முதல் சுற்றுப் பிள்ளைக்கு இரண்டு பருவம் இடம் உறுதி. இரண்டாம் சுற்றுப் பிள்ளை பயிற்சி ஆட்டத்தில் தன்னை நிரூபிக்க வேண்டும், சரிவராவிட்டால் நிறுத்தலாம். கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும்.

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த கூட்டம் அந்த இடத்தில் நிமிர்ந்தது.

"பொறும், பொறும்" என்றார் தயாபரன். அவர் போட்டிக் குழுவின் தலைவர். நாவலடி அணியின் பொறுப்பாளரும் அவரே. இரண்டு பதவியும் ஒருவரிடமே இருப்பதை அவரைத் தவிர எல்லாரும் கவனித்திருந்தார்கள். "தோத்தவனுக்கோ முதல் தெரிவு?"

"ஓம் அண்ணை. அப்பதானே அடுத்த வருசம் சமநிலை வரும்."

"அப்ப வெண்டவன் என்ன குற்றம் செய்தவன்? மெடிசினுக்கு ஃபெயில் விட்டவனையோ முதல் கூப்பிடுறவங்கள்?"

இந்தக் கேள்வி எட்டுச் சங்கத்தையும் ஒரே குடும்பமாக்கிவிட்டது. தோற்ற ஏழு சங்கத்தின் ஆட்களும் தங்களுக்கு எதிராகவே தலையாட்டினார்கள். பிள்ளைகளைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்கள். கூடப் புள்ளி எடுத்தவன் முதலில் தெரிவுசெய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு இரத்தத்தில் ஊறிய விஷயம். சிறிதரன் மூன்று கூட்டங்களில் வரைபடம் போட்டு விளக்கினார். மூன்றாவது கூட்டத்தில் வாக்கெடுப்பு. ஏழுக்கு ஒன்று. கிண்ணம் வென்ற நாவலடிக்கு முதல் தெரிவு, எட்டாமிடத்துப் புன்னையடிக்கு எட்டாவது தெரிவு.

மற்றதையெல்லாம் அவர் எழுதிக்கொடுத்த மாதிரியே ஏற்றுக்கொண்டார்கள். தெரிவுக்கு நான்கு நிமிடம் என்பதையும், அதற்குள் பெயர் சொல்லாத அணியை அடுத்த அணி தாண்டிப்போகலாம் என்கிற பதினான்காம் விதியையும்கூட. தாய்மாருக்குச் சுற்று என்ற சொல் உடனே பிடித்துப்போனது. பல்கலைக்கழக அனுமதியிலும் சுற்றுகள் உண்டே! முதல் சுற்றில் கூப்பிட்டால் சொல்லிக்கொள்ளக்கூடிய படிப்பு. இரண்டாம் சுற்றில் கூப்பிட்டால் பிள்ளைக்கு வேறு திறமைகள் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். பந்தையே தொட்டுப் பார்க்காத தாய்மார், "உங்கட மகன் எத்தினையாம் சுற்றாம்?" என்று கோயிலில் கேட்கத் தொடங்கினார்கள்.

எட்டாவது தெரிவு என்றதும் மற்ற யாராவது சோர்ந்திருப்பார்கள். சிறிதரனுக்கோ தன் வாழ்நாள் தத்துவத்தைச் செய்துகாட்டக் கடவுளாகப் பார்த்து ஒதுக்கிய இடம் அது என்று பட்டது. அவர் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு பதினாறு பேரையும் பார்க்கப் புறப்பட்டார். பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் வேலிக்கு வெளியே நின்று குறிப்பெடுக்கும் ஒரு நடுத்தர வயது மனிதரை இந்த நாட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அவருக்கு இரண்டாவது நாள் புரிந்தது. மூன்றாவது நாளிலிருந்து யோகராணியையும் கூட்டிக்கொண்டு போனார்.

பதினாறு பேரில் பதினைந்து பேருக்கு அப்பாவின் பள்ளிக்கூடம் இருந்தது. மிச்ச ஒருவன் யுவனேஷ். ஆறடி நான்கு அங்குலம். பந்து அவன் கைக்கு வந்தால் அவசரப்படாது. தாய் லெட்சுமி முதியோர் இல்லத்தில் தாதி. மலேசியாவில் கிள்ளானிலிருந்து வந்தவர். பெண்டில் ஹில் பூங்காவில் அவனைக் கண்டு, தாயிடம் பேசி, விண்ணப்பம் நிரப்பச் சொன்னதே சிறிதரன்தான். விண்ணப்பத்தில் 'தந்தையின் பாடசாலை' என்ற இடத்தில் லெட்சுமி கிள்ளானிலுள்ள ஒரு தமிழ்ப் பள்ளியின் பெயரை எழுதியிருந்ததைச் செயலாளர் வாசித்துப் பார்த்துவிட்டு, அதை வெட்டி ஒரு கோடு போட்டார்.

சிறிதரன் தன் தரவரிசையைத் தட்டச்சிட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். முதலாமிடத்தில் யுவனேஷ். பதின்மூன்றாமிடத்தில் அனோஜன். அனோஜன் அவருடைய ஒரே மகன்.

தெரிவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது தயாபரன் போன் எடுத்தார்.

"சிறி, ஒரு சின்னக் கதை. நாங்கள் ஏழு பேரும் கதைச்சுப்போட்டம். முதல் சுற்றில அவையவை தங்கட பிள்ளையளை எடுக்கிறது. மற்றவையின்ர பிள்ளையில கை வைக்கிறேல்லை. நீரும் உம்மட பொடியனை எடுத்துக்கொள்ளும்."

"அப்ப டிராஃப்ட் என்னத்துக்கு அண்ணை?"

"என்ன கதை கதைக்கிறீர்? தொப்பியெல்லாம் ஓடர் பண்ணியாச்சு."

"யுவனேஷ்?"

"ஆர், அந்த மலேசியாப் பொடியனோ? அவன் ஒருத்தற்ற பிள்ளையும் இல்லைத்தானே. இரண்டாம் சுற்றில முதல் ஆளா நாங்கள் எடுப்பம்." போனை வைக்க முன்பு, "உமக்கும் அனோஜனை விட்டா வேற ஆர் இருக்கினம்?" என்று அன்பாகக் கேட்டார்.

சிறிதரன் போனை வைத்தார். பதினாறில் முதலாவது பையன், ஏழு அணிகளின் முட்டாள்தனத்தால் வழுகி, எட்டாவது இடத்துக்கு, அவருடைய மடிக்கே வரப்போகிறான். முப்பது வருடமாக அவர் தொலைக்காட்சியோடு பேசி வந்தது இந்த ஒரு தருணத்தைப் பற்றித்தான். அந்த இடத்தில் மகனும் நின்றுகொண்டிருந்தான் என்பதுதான் சின்னச் சிக்கல்.

"இஞ்சாருங்கோ" என்றார் யோகராணி, குசினியிலிருந்து. சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டிருந்தது. "மற்ற ஏழு தகப்பன்மாரும் தங்கட பிள்ளையளை எடுக்கினம். நீங்கள் மட்டும் ரோட்டால போறவனை எடுத்துப்போட்டு வந்தா நான் இந்த வீட்டில சமைக்கமாட்டன். கனடாவில இருந்து அண்ணை ஆக்கள் லைவில பாக்கினம். சொல்லிப்போட்டன்."

"யோகா, இது ஒரு விஞ்ஞானம்..."

"விஞ்ஞானத்தை அவிச்சுச் சாப்பிடுங்கோ."

அனோஜன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுத்தான். "அப்பா, சீரியஸ்லி. என்னை எடுக்காதேங்கோ."

"ஏனடா?"

"நான் பதின்மூண்டு. நீங்கதானே ஒட்டி வைச்சிருக்கிறீங்க. தினம் பால் எடுக்கேக்க பாக்கிறன். எனக்கு அது ஓகே. ஆனா பதின்மூண்டை எட்டில எடுத்தா எல்லாருக்கும் தெரியும் ஏன் எடுத்தனீங்க எண்டு. யுவனேஷை எடுங்கோ, ப்ளீஸ்."

சிறிதரன் இருவருக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொன்னார். மேலதிகத் தரவு வேண்டும் என்றும் சொன்னார்.

தெரிவு துங்காபி சமூக மண்டபத்தில், ஞாயிறு மாலை மூன்று மணிக்கு. இந்த மண்ணின் ஆதிக்குடிகளுக்கு மரியாதை, மங்கள விளக்கு, அகவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்பு நடனம், தலைவர் உரை, இரண்டு விருந்தினர் உரை, விருந்தினர்களை அறிமுகம் செய்தவரை அறிமுகம் செய்யும் உரை. அமெரிக்காவில் அழைக்கப்பட்ட சில ஆட்டக்காரர்கள் மட்டும் குடும்பத்தோடு மேடைக்கு அருகில் மேசை போட்டுக் காத்திருப்பார்கள். அந்த வழக்கத்தையும் சிறிதரன் கொண்டுவந்திருந்தார். ஆனால் யாரை அழைப்பது, யாரை விடுவது? விட்டால் பேச்சுவார்த்தை அறுந்துபோகும் என்று பதினாறு குடும்பத்தையும், அவர்களுடைய மாமா மாமிகளையும் அழைத்தார்கள். காத்திருப்பவர்களுக்கு மேசைகள் போட்ட பிறகு பார்வையாளர்களுக்கு மண்டபத்தில் இடம் மிஞ்சவில்லை. பட்டுச்சேலைகளுக்கு நடுவில் ரோல்ஸ் தட்டுகள் போய் வந்தன.

முதல் ஏழு தெரிவும் நடந்த விதத்தைப் பார்த்தால், எந்த நாடகக் குழுவும் கற்றுக்கொள்ளலாம். தயாபரன் கடிகாரத்தைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார், உதவியாளரின் காதில் ஏதோ சொன்னார், பிறகு மேடையேறித் தன் சொந்தத் தங்கையின் மகனுடைய பெயரை, அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல வாசித்தார். பையன் எழும்பினான், தாய் கண்ணைத் துடைத்தார், தொப்பி, படம். அடுத்தவர் போனில் யாருடனோ அவசரமாக ஆலோசித்துவிட்டுத் தன் மகனை எடுத்தார். அந்தப் போனின் மறுமுனையில் இருந்தது மண்டபத்துக்கு வெளியே நின்ற அவருடைய தம்பி. ஐந்தாவது ஆள் நான்கு நிமிடமும் கண்ணை மூடித் தியானித்துவிட்டு, சிறிதரனின் பட்டியலில் பதினாறாவதாக இருந்த மருமகனை எடுத்தார். ஒவ்வொரு முறையும் கைதட்டல். யாரும் சிரிக்கவில்லை.

"எட்டாவது தெரிவு. புன்னையடி மகா வித்தியாலயம்" என்றார் தயாபரன். மணிக்கூடு நான்கு நிமிடத்திலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

சிறிதரன் எழும்பினார். சட்டைப் பையில் இரண்டு அட்டைகள் இருந்தன. ஒன்றில் ஒரு பெயர், மற்றதில் மற்றது. நடுமேசையில் யோகராணி கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். அதற்குள் கனடா முழுவதும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அனோஜன் மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டிருந்தான். கடைசி மேசையில், குசினிக் கதவோரம், யுவனேஷ். இரவல் கோட்டின் கை அவனுக்கு மணிக்கட்டுக்கு மேலே நின்றுவிட்டது. லெட்சுமி காலை வேலை முடித்து நேரே வந்திருந்தார்.

மேடையேறிய சிறிதரன் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஒலிவாங்கியைக் கண்டதும் அவருக்கு ஒரு முன்னுரை அவசியம் என்று பட்டது.

"அனைவருக்கும் வணக்கம். முதல் சுற்றின் பிற்பகுதித் தெரிவு என்பது சாதாரண விடயமல்ல. வரலாற்றை எடுத்துப் பார்த்தால்..."

வரலாற்றை எடுத்துப் பார்த்தார். இருபத்தெட்டாவதாக வந்து உச்சிக்குப் போனவர்களைச் சொன்னார். முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். இரண்டு நிமிடம் போயிற்று. தகுதி ஒன்றே அளவுகோலாக இருக்க வேண்டும் என்றார். அதைச் சொன்னபோது கடைசி மேசையைப் பார்த்தார். அதே நேரம் இரத்தபாசம் என்பதையும் ஒதுக்கிவிட முடியாது என்றார். அதைச் சொன்னபோது கைபேசியைப் பார்த்தார்.

"பேரைச் சொல்லுமப்பா, ரோல்ஸ் ஆறுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒரு நிமிடம். சிறிதரன் பையில் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்தார். பார்த்தார். திரும்ப வைத்தார். மற்றதை எடுத்தார். "ஆகவே, புன்னையடி தெரிவுசெய்வது..." என்றார். அதற்கு மேல் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இருபது விநாடி. பத்து. எத்தனை பேரை, எத்தனை வருடமாக, சோபாவில் சாய்ந்துகொண்டு, நெஞ்சுரம் இல்லாதவன்கள் என்று ஏசியிருப்பார்!

மணி அடித்தது.

தயாபரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியைப் பார்த்தார். "விதி பதின்நாலு. நேரத்துக்குள்ள சொல்லாட்டி அடுத்த அணி தாண்டலாம். அடுத்தது நாங்கள்." ஒரு தியானமும் இல்லை, ஒரு போனும் இல்லை. "நாவலடி தெரிவுசெய்வது, யுவனேஷ்."

முதல் சுற்றின் கடைசி ஆளாக யுவனேஷ் நாவலடியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு நின்றான். சிறிதரன் ஒலிவாங்கியைப் பிடித்து, "அனோஜன், அனோஜன்!" என்றார்.

"அது இப்ப இரண்டாம் சுற்று" என்றார் தயாபரன்.

யோகராணியின் கைபேசிக்குள்ளிருந்து, மண்டபம் முழுவதற்கும் கேட்கும்படி, "என்னவாம்? எத்தினையாம் சுற்றாம்?" என்று கனடா கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் பிளாக்டவுன் ரோட்டில் கார் மூன்றாவது சிவப்பு விளக்கில் நின்றது. யோகராணி நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பொடியனை எடுத்திருந்தா வாய் நிறைய ஏசியிருப்பன். இவனை எடுத்திருந்தா அண்ணைக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். ரெண்டையும் விட்டுப்போட்டு நிண்ட மனுசனை என்னண்டு ஏசுறது? அதுக்கு வார்த்தையே இல்லையப்பா."

"தரவுகளின்படி இரண்டாம் சுற்றிலையும்..."

"ரோட்டைப் பாத்து ஓடுங்கோ."

பின் இருக்கையில் அனோஜன் சிரித்தான். சிரித்து முடிந்ததும், "அப்பா, இரண்டாம் சுற்று எண்டா நான் சனிக்கிழமை ட்ரையலில விளையாடித்தானே இடம் பிடிக்கோணும்? சரியா வராட்டி நிப்பாட்டுங்கோ. மகன் எண்டு பாத்து இடம் குடுக்க வேண்டாம்" என்றான்.

சனிக்கிழமை காலை பிளாக்டவுன் உள்ளரங்கில் பக்கத்துப் பக்கத்துத் திடல்களில் பயிற்சி. ஒன்றில் நாவலடி, மற்றதில் புன்னையடி. புன்னையடியின் பன்னிரண்டு சட்டைக்குப் பதின்மூன்று பேர். அனோஜன் முதலாவதாக வந்து, கடைசிவரை ஓடினான். கூடைக்குப் போக வேண்டிய பந்துகளில் பாதி நாவலடியின் திடலுக்குப் போயின. இங்கே மணிக்கூடு இல்லாதபடியால் சிறிதரன் ஒன்பது மணியிலிருந்து பதினொன்றேகால் வரை யோசித்தார். பிறகு குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு பெயரை வாசித்தார். அதில் மகனுடைய பெயர் இல்லை.

"குட் டிசிஷன், அப்பா" என்றான் அனோஜன். அவன் குரலில் கோபமே இல்லாதது அவருக்குக் கொஞ்சம் வலித்தது. "கார்த் திறப்பைத் தாங்கோ. பெண்டில் ஹில் பார்க்கில பெடியள் நிக்கிறாங்கள். அங்க ஒருத்தரும் ஆரையும் எடுக்கிறேல்லை, வந்தவன் விளையாடலாம். போட்டு வாறன்."

மகன் காரோடு போன பிறகுதான் சிறிதரனுக்கு வீட்டுக்குப் போக வழியில்லை என்பது உறைத்தது. யோகராணிக்குப் போன் எடுக்கிற துணிவு அன்று அவருக்கு இருக்கவில்லை. அரைமணி நேரம் வாசலில் நின்றார். தயாபரன் தன் பெரிய காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"ஏறும் சிறி. உங்கட பக்கம்தான் போறன், இவனை இறக்கிவிட."

முன் இருக்கையில் தயாபரனின் மருமகன், முதல் தெரிவு, தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்தான். பின்னால் யுவனேஷ் முழங்கால்களைத் தாடை வரை மடக்கிக்கொண்டு இடம் விட்டான். சிறிதரன் ஏறிப் பெல்ட் போட்டார். தயாபரன் வானொலியைக் கூட்டினார். இரண்டு வட்டச் சந்திகள் கடந்தன.

"அங்கிள்" என்றான் யுவனேஷ், முன் இருக்கைக்குக் கேட்காத குரலில்.

"ஓம் தம்பி."

"அன்னிக்கு நீங்க என் பேர்தான் சொல்லப் போறீங்கன்னு நான் எழுந்து நின்னுட்டேன். பாத்தீங்களா?"

சிறிதரன் பார்த்திருந்தார். மேடையிலிருந்து அது நன்றாகவே தெரிந்தது: கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அரைவாசி எழும்பி, தாயைத் திரும்பிப் பார்த்தது.

"பாத்தனான்" என்றார்.

"அப்புறம் ஏன் அங்கிள் சொல்லல?"

முப்பது வருடத்தில் எந்த அணி யாரை ஏன் எடுத்தது, யாரை ஏன் விட்டது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லக்கூடிய மனிதர், யன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு மெத்தைக் கடை போயிற்று. ஒரு பெட்ரோல் நிலையம் போயிற்று.

"நேரம் முடிஞ்சுபோச்சுதடா தம்பி."

யுவனேஷ் அதை யோசித்துப் பார்த்தான். மரியாதையான பையன், பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழகாதவன்.

"நாலு நிமிஷம் இருந்துச்சே, அங்கிள்" என்றான்.